டெய்லரில் ஏற மாட்டேன் என்ற அம்மா

1

எங்கள் ஊர்ப் பக்கம் துணி தைப்பவருக்கும் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் இரும்புப் பெட்டிக்கும் ஒரே பெயர்தான். இரண்டுமே டெய்லரு. அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ‘டெய்லர்ட்ட குடுத்திருக்கேன்’ என்றால் ஜாக்கெட். ‘டெய்லர்ல வருது’ என்றால் செங்கல், வைக்கோல், மாட்டுக் குப்பை, இல்லாவிட்டால் ஆட்கள்.

கனடாவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்தச் சொல்லோடு இங்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. போன மாதம், மானகிரிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அப்பா, பிள்ளைக்கு லீவு விட்டதும் மூணு வாரம் ஊரு சுத்தப் போறோம். அதுக்கு ஒரு டெய்லரு பாத்து வச்சிருக்கோம்."

"நல்லதுத்தா. அளவுச் சட்டை குடுத்தாச்சா?"

சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு விளக்கினேன். அதற்குத் தனியாக எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளிக்கிற இடம் எல்லாம் இருக்கும். போகிற இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அம்புட்டும்தான் வீட்டுலயே இருக்கேத்தா. அத எதுக்கு இழுத்துக்கிட்டு அலையணும்?"

இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது பதில் ஆகாது. ஆனாலும் உண்மை அதுதான்.

2

நாங்கள் இருக்கும் சாஸ்கடூன் நகரத்தில் வருடத்தில் பாதி பனி. பனி உருகியதும் வீதியில் வீட்டுக்கு வீடு ஒரு ட்ரெய்லர் வெளியே வரும். அதைக் கழுவித் துடைத்து, சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்து, கோடை முழுக்க எங்காவது இழுத்துக்கொண்டு போவார்கள். இந்த மாகாணம் ஒரே சமவெளி. மேற்கே ஒருநாள் முழுக்க ஓட்டினால்தான் ராக்கி மலை கண்ணில் படும். மலையைத் தாண்டி இன்னும் போனால் பசிபிக் கடல். அங்கே வரை போய்த் திரும்புவதுதான் எங்கள் திட்டம்.

திட்டம் முழுக்க நான் போட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எங்கே எழுதினாலும் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விடும் அளவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆறாம் வகுப்பில் எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லாததால், தெரியாததை எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்று அப்போதே பழகிவிட்டேன். ட்ரெய்லர் பயணத்துக்கும் அப்படித்தான் படித்தேன்.

படிக்க நிறையவே இருந்தது. தேசியப் பூங்காக்களில் வண்டி நிறுத்த, கோடைக்கான இடத்தைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். காலையில் தளம் திறந்ததும் வரிசையில் எனக்கு முன்னால் சில ஆயிரம் பேர் நிற்பதாகத் திரை காட்டியது. தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல் என்னுடையது; விடவில்லை. இடம் கிடைத்தது. பிறகு பாரம். நம் கார் எவ்வளவு இழுக்கும், ட்ரெய்லர் எவ்வளவு கனம், தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் எவ்வளவு கூடும் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு முன்பக்கமாக வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடும். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போகக் கூடாது. சின்ன கியரில் இறங்க வேண்டும். அழுக்குத் தண்ணீரை வழியில் அதற்கென்று இருக்கும் குழியில்தான் கொட்ட வேண்டும்.

பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் சின்ன ட்ரெய்லரைக் கடன் வாங்கிக் காலி மைதானத்தில் பழகினேன். என் கணவர் செந்தில் பின்னால் நின்று கை காட்டினார். திருப்பத்தூர்க்காரர். வாய்க்கு முன்னால் கைதான் பேசும்.

"இங்குட்டு... இங்குட்டு... அங்குட்டுப் போகாத!"

"என்னங்க, எனக்கு இங்குட்டா, உங்களுக்கு இங்குட்டா?"

அன்றைக்கு அந்த மைதானத்தில் இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை நசுக்கினேன். அடுத்த ஞாயிறு ஒன்றுகூட இல்லை. மலைப்பாதையில் நான்தான் ஓட்டப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

இவ்வளவும் யாருக்காக என்றால், அம்மாவுக்காக. தை மாதக் கடைசியில் வந்தாள். வந்தபோது வெளியே எல்லாம் வெள்ளை. நாலு மாதமாக அவள் பார்த்த கனடா எங்கள் சமையலறை ஜன்னல், கோயில், காய்கறிக் கடை, அவ்வளவுதான். எனக்கும் செந்திலுக்கும் அந்த மலை எங்கேயும் ஓடிவிடாது. அம்மாவின் விசா ஆடியோடு முடிகிறது. ஊருக்குப் போனால் திரும்ப இவ்வளவு தூரம் வருவாளா என்று சொல்ல முடியாது.

3

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அம்மா வள்ளி அத்தையோடு வீடியோவில் பேசுவாள். வள்ளி அத்தை அப்பாவின் தங்கை. ஊரில் அவளுக்கு அது திங்கள் காலை. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் பாதி முகம் தெரிய உட்கார்ந்திருப்பாள்.

"ஊரு சுத்தப் போறீகளாமே மதினி? அண்ணன் சொன்னாக. எதுல போறீக, ரயில்லயா?"

அம்மா பதில் சொல்வதற்குள் என் மகள் யாழினி திரைக்குள் தலையை நீட்டினாள். ஆறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து மேசையில் வைப்பது போல.

"நாங்க... ட்ரெய்லர்ல... போறோம்!"

"டெய்லர்லயா!" அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எம்மதினி பிளேன் ஏறிக் கனடாவுக்குப் போயும் டெய்லரு விடலையே! அங்குட்டும் களையெடுக்கத்தான் கூட்டிப் போறாகளா? கலெக்டரம்மா, பொட்டுக்கடலை கட்டிக்கிட்டுப் போங்க, வழியில பசிக்கும்!"

"டெய்லர் இல்ல, ட்ரெய்லர்" என்று யாழினி திருத்தினாள்.

நானும் சிரித்தேன். செந்திலும் சிரித்தார். அம்மா, "சரி வள்ளி, அடுப்புல வேல கெடக்கு" என்று போனை வைத்தாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கத்தா. நான் இங்குட்டே இருந்துக்கிறேன்."

4

முதலில் முட்டி வலி என்றாள். மாத்திரை இருக்கிறது என்றேன். பிறகு குளிர் என்றாள். கோடையில் என்ன குளிர் என்றேன். "கறிவேப்பிலைச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்றாள். அந்தச் செடி ஒரு சின்னத் தொட்டியில் ஹாலில் இருக்கிறது. மொத்தம் பதினோரு இலை. பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்றேன். "அவுகளுக்குக் கறிவேப்பிலைன்னா என்னண்டு தெரியும்?"

மொழி தெரியாத ஊரில் அவளை மூன்று வாரம் தனியாக விட முடியாது. அம்மா வரவில்லை என்றால் பயணம் இல்லை. குளிர்காலத்திலேயே பிடித்துவைத்த இடங்களை எல்லாம் விட்டுவிட வேண்டியதுதான். செந்தில் மெதுவாக, "உங்கம்மாவுக்குப் பிடிக்கலேன்னா விட்டுரு. வருத்தப்படுத்தாத" என்றார். அவருக்கு மாமியார் என்றால் மரியாதை. எனக்கு அம்மா. என்னால் அப்படி விட முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் தப்பான பக்கம்தான் தேடிக்கொண்டிருந்தேன். கழிப்பறைக்குக் கூச்சப்படுகிறாளோ என்று ட்ரெய்லரின் உட்புறப் படங்களைக் காட்டினேன். மெத்தை, ஜன்னல் திரை, இரண்டு அடுப்பு.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அடுப்புக்கும் கக்கூசுக்கும் நடுவுல ஒரு தட்டிதானா?"

"கதவும்மா அது."

"நல்லாத்தான் இருக்கு." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனாலும் டெய்லரு டெய்லருதான் தங்கம். நான் ஏற மாட்டேன்."

"ஏன்மா?"

"நீ மெட்ராசுல வேலையில சேந்த அன்னைக்கு விட்டேன். கங்காணிட்டச் சொல்லிட்டேன், இனிமே நான் டெய்லர்ல வர மாட்டேண்டு. வேல குடுத்தா நடந்து வாரேன், இல்லேன்னா வேணாம்டேன். இப்ப வந்து ஏறச் சொல்றியா, அதுவும் எம்மக வீட்டுல?"

அவள் டெய்லரில் போனது எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள். நடவு, களை, கதிர் அறுப்பு, கடலை பிடுங்கல். காலையில் மாட்டுக் குப்பை ஏற்றிய அதே டெய்லரில் மதியம் ஆட்களை ஏற்றுவார்கள். சாயங்காலம் அம்மா வந்து குளித்த பிறகும் சேலையில் அந்த வாடை இருக்கும். எனக்குத் தெரியாமல் இருந்தது அவள் அதை விட்ட நாள்தான். இப்போது யோசித்தால் ஒன்றொன்றாகப் பொருந்துகிறது. குலதெய்வம் கும்பிடச் சொந்தக்காரர்கள் எல்லாரும் டெய்லரில் ஏறிப் போனபோது, அம்மா மட்டும் இரண்டு பஸ் மாறி, பொங்கல் ஆறிப்போன பிறகு வந்து சேர்ந்தாள். ‘கலெக்டரம்மா வர்றாக, வழி விடுங்கடி’ என்று அத்தை அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பட்டம். அப்போது நான், அம்மாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

படிப்பால் வந்த பெருமை எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். அம்மா அதில் பாதியை எனக்குத் தெரியாமலே எடுத்துத் தன் பங்காக வைத்திருந்திருக்கிறாள். நல்லவேளை, வைத்திருந்தாள்.

"அம்மா, அதுல யாரும் உக்காரப் போறதில்ல. நாலு பேரும் கார்லதான் போறோம். நிறுத்துன பிறகுதான் அதுல ஏறுவோம்" என்றேன். எனக்கு அது அவ்வளவு சாதாரணமான விஷயம் என்பதால் அதுவரை சொல்லவே தோன்றவில்லை.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாழினி பொய் சொன்னால் நான் சிரிப்பேனே, அந்தச் சிரிப்பு. "இப்பச் சொல்லுவ. நாலு மணி நேரம் போனதும், ‘யம்மா, எடம் பத்தல, பின்னால போயிக் காலை நீட்டிப் படுத்துக்க’ம்ப. எத்தன பேரு அப்பிடிச் சொல்லி ஏத்தியிருக்காக எங்கள."

5

ட்ரெய்லரை எப்படி மாட்டுவது, கழற்றுவது என்று வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் ஒருநாள் சொல்லித்தருவார்கள். "நீயே வந்து கேளு" என்று அம்மாவையும் கூட்டிப்போனேன். நூல் சேலை கட்டி, மேலே என் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

வரவேற்பில் இருந்தவர் வெளியே வந்து, "மிஸ்டர் கருப்பையா?" என்று கூப்பிட்டார். செந்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பெயர் அது இல்லையே. கருப்பையா என் அப்பா. இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று, வந்த புதிதில் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டேன். அதிலிருந்து பல்மருத்துவர் முதல் வங்கி வரை நான் கருப்பையாதான். கைநாட்டு வைக்கிற மனிதரின் பெயரில் இந்த நாட்டில் ஒரு ட்ரெய்லர் வாடகைக்குப் பதிவாகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"ஓட்டப்போவது?"

"நான்தான்."

சொல்லித்தந்தவர் நடுத்தர வயதுப் பெண். கொக்கியின் குண்டு, பூட்டு, பிரேக் கம்பி, எரிவாயு உருளை என்று வரிசையாகக் காட்டினார். அம்மா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ட்ரெய்லரின் படியில் கால் வைக்காமல் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண் குரலை உயர்த்தி, விரலை ஆட்டி ஒரு விஷயம் சொன்னார். சொன்ன விதத்தைப் பார்த்து அம்மா திரும்பினாள்.

"என்னத்தா, திட்டுறாகளா?"

"இல்லம்மா. வண்டி ஓடும்போது உள்ள ஒருத்தரும் இருக்கக் கூடாதாம். சட்டமாம். நாய்கூடக் கூடாதாம்."

"நாய்கூடவா?"

"ஆமா."

"திரும்பக் கேளு."

கேட்டேன். அந்தப் பெண் இந்த முறை அம்மாவைப் பார்த்தே, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, நிதானமாகச் சொன்னார். யாரும் கூடாது. ஐந்து நிமிடம் என்றாலும் கூடாது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஏத்துனா?"

"அபராதம்."

"யாருக்கு? ஏறுனவுகளுக்கா?"

"ஓட்டுறவுகளுக்கு."

"ம்" என்றாள். பிறகு படியில் கால் வைத்து ஏறினாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள், குழாயைத் திறந்தாள், ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள். "மாப்பிள்ளைக்குக் காலு நீட்டப் பத்தாதே" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். செந்தில் என்னைப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வீடு திரும்பும்போது அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"நம்மூருல இந்தச் சட்டமெல்லாம் இல்லையாத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அங்கயும் இருக்கும்மா. சாமான் ஏத்துற வண்டிதான் அது. ஆள் ஏத்தக் கூடாது."

"இருக்கா?"

"இருக்கு. யாரும் பாக்குறதில்ல."

சாலையின் இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கறுப்பு நிலம், கண்ணுக்கு எட்டும் வரை. ஒரு ஆள்கூட இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அம்புட்டு வருசம் ஏறுனேன். போலீசு எதுக்க வருவான், வாத்தியாரு சைக்கிள்ல வருவாரு, ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மீதியைத் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்வது போலச் சொன்னாள்.

6

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் சாயங்காலம் அம்மாவே வள்ளி அத்தையைக் கூப்பிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வள்ளி, அந்த டெய்லர்ல ஆளே ஏறக் கூடாதாம். சட்டம். நாயக்கூட ஏத்த மாட்டாக. நாங்க கார்ல போறோம், அது பாட்டுக்குப் பின்னால வரும்."

"அப்ப அதுல என்னதான் ஏத்துவீக மதினி?"

"கருவாடு. வெளிய வச்சா வாசனைக்குக் கரடி வந்துருமாம்."

அத்தை சிரித்த சிரிப்பில் திரை ஆடியது. அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். தூக்குவாளி பக்கத்தில் இருந்தது. கிணற்றுப் பாசனத்துக் கடலை பிடுங்கப் போகிறாளாம்.

"எதுல போற?" என்றாள் அம்மா.

"இதென்ன கேள்வி? டெய்லரு வந்துக்கிட்டே இருக்கு."

"நீ ஏறாத வள்ளி. நம்மூருலயும் சட்டம் இருக்காம். எம்மக சொன்னா."

"அய்ய, சட்டம் சொல்ல வந்துட்டாக கலெக்டரம்மா! ஏறாம? நேமத்தாம்பட்டி வரைக்கும் நடந்தா போகச் சொல்றீக? போயிச் சேரும்போது ஆள எடுத்து முடிச்சுருப்பாக."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சட்டத்தைச் சொன்னவள் நான். போனுக்குள் தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது, பிறகு கிட்டத்தில். யாரோ அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வாரேன் மதினி, ஆளு ஏறுறாக."

"வள்ளி" என்றாள் அம்மா. இப்போது அவளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஓரத்துல உக்காராத. பின்கதவு கொண்டி சரியா விழாது. நடுவுல போயி உக்காரு. சொல்றது கேக்குதா? நடுவுல."